உப்புக் காற்றும் ஸ்பீக்கரும்: வீட்டிலேயே செய்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

மண்டபம்

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும் நினைத்தால் பாடும், நினைத்தால் நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர், உள்ளிருக்கும் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனம் ஒப்பாமல் பின்பக்கத் திருகைத் தளர்த்தி வயரை வெளியே இழுத்தேன். முனையில் பச்சைக் களிம்பு இருக்கும் என்பது நம் கரையில் எவரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் மேலுறையை ஓர் அங்குலம் உரித்த பிறகும் செம்பு இழைகள் கரியாய்க் கறுத்துக் கிடந்தன. ஏறக்குறைய ஒரு சாண் உரித்த பிறகே செம்பின் நிறம் தெரிந்தது. அதுவரை வெட்டியெறிந்து, டெர்மினலை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, இழைகளை முறுக்கி ஈயம் பூசித் திருகினேன். அன்றிரவு இடப்பக்கத்திலிருந்து தவில் எழுந்த கணம் இன்னும் காதில் நிற்கிறது. போர்டை மாற்றச் சொன்னவர் அந்தத் திருகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

கீழக்கரை

மண்டபம் நண்பர் கோளாறைச் சரியாகவே கண்டுபிடித்தார்; ஆனால் ஈயம் பூசிய முனையைத் திருகுக்கு அடியில் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விலகிக்கொடுக்கும். பிடிப்புத் தளர்ந்த இடுக்கில் மறுபடியும் உப்பீரம் புகும். வெறும் இழைகளை முறுக்கியே திருகலாம், அல்லது வெள்ளீயப் பூச்சுள்ள லக்கை, அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டியை, அழுத்திப் பொருத்தித் திருகலாம். பாட்டுக்கருவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்.சி.ஏ. பின்னைத் தொட்டாலே என் வீட்டில் கரகரவென்று இரைந்ததும், துடைத்தவுடன் அது அடங்கியதும் தவிர எனக்குச் சொல்லக் கதை இல்லை. ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. பின்னை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலிருக்கும் முலாம் மிக மெல்லியது, அது போனால் களிம்பு இன்னும் விரைவாக ஏறும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் என்பதால், ஒருமுறை துடைத்ததோடு இந்த வேலை முடிந்துவிடாது. புதிய வயர் வாங்குவோர், படகுகளில் போடுவதைப் போன்ற, ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். மூடியைத் திறப்பதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தொண்டி

வயரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் ஊஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர், கொடகொடத்தபோது நானும் அனைத்தையும் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. துணி மூடியைக் கழற்றி, கூம்பின் விளிம்பிலிருந்த நுரைவளையத்தை விரலால் தொட்டேன். தொட்ட இடம் பொடிந்து பிசுபிசுப்பாக விரலில் ஒட்டிக்கொண்டது. ஈரக்காற்று அந்த வகை நுரையை மெல்ல மெல்லச் சிதைத்துவிடுகிறது. கூம்பும், அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் நன்றாகவே இருக்கின்றன. அதே அளவில் ரப்பர் வளையம் ஒன்று கிடைத்திருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை.

பாம்பன்

தொண்டி நண்பரே, ரப்பர் வளையம் நுரையைவிட விறைப்பாகவோ கனமாகவோ இருந்தால் கூம்பின் இயல்பான அதிர்வெண்ணே மாறிவிடும். ஆகவே, அளவு பொருந்துவது மட்டும் போதாது, கிடைத்தால் நுரைவளையமே நல்லது. ஒட்டும்போது நடுவிலுள்ள தூசிமூடியை எடுத்துவிட்டு, காயிலுக்கும் அதன் நடுவிலுள்ள இரும்புத் தண்டுக்கும் இடையில் சமகனமான காகிதப் பட்டைகளைச் சுற்றிலும் செருகினால் கூம்பு நடுவில் நிற்கும்.

எனக்கு நேர்ந்தது வேறு. இரண்டு ஸ்பீக்கரும் முழங்கின, பாடகரின் குரல் மட்டும் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் கலைந்தது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், கேட்கவே இல்லை. ஒன்றின் வயரை மட்டும் கூட்டல் கழித்தல் மாற்றி இணைத்தேன். அடுத்த தட்டிலேயே தொப்பியின் கும்கி என்னும் அந்த ஆழ்ந்த ஒலி தரையில் அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த வயர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் பட்டால் ஊஃபரின் கூம்பு வெளியே வர வேண்டும். வளையத்தை ஒட்டி முடித்ததும் இதையும் பார்த்துவிடுங்கள்.