பண்டிகை நாளில் "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்ற கேள்வி உங்களுக்கும் வருமா?

மற்ற நாளில் நான் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதுவே பண்டிகை என்றால் வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்னாச்சு, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்குச் சோகமும் இல்லை, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அதை நாலு பேருக்கு விளக்கி முடிப்பதற்குள் நிஜமாகவே முகம் வாடிவிடுகிறது. போன முறை எல்லோரும் நின்று படம் எடுத்தபோது, சித்தப்பா பையன் ஃபோன் திரையில் என் முகத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டி, "அக்கா, இதுல நீங்க மட்டும் சிரிக்கவே இல்ல, இன்னொண்ணு எடுக்கலாம்" என்றான். கலைந்து போனவர்கள் எல்லாம் மறுபடி வந்து வரிசையாக நின்றார்கள். எனக்காக! கன்னம் வலிக்கச் சிரித்து வைத்தேன். அந்தப் படத்துக்குத்தான் லைக் குவிந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்களேன்.

—

நடந்திருக்கிறதாவது! அம்மா போன பிறகு வந்த முதல் பண்டிகையில் சொந்தக்காரர் ஒருவர், "நீ இப்படி இருந்தா அம்மா ஆத்மா சாந்தியடையாது, சிரிச்ச முகமா இரு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், தெரியும். ஆனால் துக்கத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. பெரியம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. "நாற்காலியெல்லாம் மாடிக்குப் போகணும், வா, ஒரு கை பிடி" என்றார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று, "உங்கம்மா இருந்தா இந்நேரம் என்னைத் திட்டிக்கிட்டே தூக்கியிருப்பா" என்றார் பாருங்கள், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அழுகையும் வந்தது, அது வேறு விஷயம்.

—

இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள். 1999 டிசம்பர் 31 இரவு உலகமே 2000-ஐ வரவேற்றதே, அந்தப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் ஜோனதன் ஸ்கூலர், டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். அமர்க்களமாக இருக்கப்போகிறது என்று ரொம்ப எதிர்பார்த்தவர்களும் ஏற்பாடுகளில் அதிக நேரம் செலவழித்தவர்களும்தான் அதிகம் ஏமாந்திருந்தார்கள். இதை அவர்கள் 2003-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள், அதில் இன்னொரு சோதனையும் உண்டு. ஓர் இசையைப் போட்டு, சிலரிடம் மட்டும், இசையைக் கேட்கும்போது முடிந்தவரை சந்தோஷமாக இருக்க முயலுங்கள் என்றார்கள். சும்மா இசையைக் கேட்டவர்களைவிட அவர்கள் மனநிலைதான் மோசமானது.

எனக்கு உடனே எங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. விடுமுறைக்கு எங்கே போனாலும் அரை மணிக்கொரு தரம் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் "நல்லா இருக்குல்ல? என்ஜாய் பண்றியா?" என்பார். நல்லாத்தான் இருந்தது, அவர் கேட்கும்வரை.

—

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கேட்கிறவர்கள் எல்லோரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எனக்கு மனசு நிஜமாகவே சரியில்லாத ஒரு வருடம், இதே கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது என் தங்கைதான். கேட்டுவிட்டு உட்காருகிறார்களா, கேட்டுக்கொண்டே நகர்ந்து போகிறார்களா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

—

நான் நர்ஸ். பண்டிகை அன்றைக்கு டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். வார்டில் யாரும் என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. வீட்டில் "பாவம், லீவு கிடைக்கல" என்று எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள், நானும் ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன்.