புதுப்பிப்பு: ஃபுட் டிராப் வந்த காலில் இடுப்பு ஏன் வலித்தது

முழங்காலின் வெளிப்புறம் அடிபட்டு பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்கும் பெரோனியல் நரம்பு பாதிக்கப்பட்டது, பாதம் தொங்குகிறது (இதுதான் ஃபுட் டிராப்), ஆனால் வலிப்பது இடுப்பு, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கணுக்காலுக்குத் தாங்குபட்டை போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. பாதத்தைத் தூக்கும் முன்பக்கத் தசை ஓய்ந்துபோனதால், விரல் நுனி தரையில் இடறாமலிருக்க இடுப்புத் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் தொடையைக் கூடுதலாக உயர்த்தியிருக்கின்றன. அந்த உழைப்பின் வலிதான் அது. பட்டை பாதத்தைத் தாங்கியதும் வலி படிப்படியாக அடங்கியது.

கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை விடாதீர்கள் என்றவருக்குத் தனி நன்றி. எதிர்த்து இழுக்க ஆளில்லாத கெண்டைத் தசை இறுகிவிட்டால், நரம்பு மீண்டாலும் பாதம் மேலே வராது. பாதிக்கப்பட்ட நரம்பு மீண்டும் வளர்வதோ நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஒருநாள் கணுக்காலின் முன்னே விரலை வைத்துப் பாதத்தைத் தூக்க முயன்றபோது, தசைநாண் லேசாகப் புடைத்தெழுவது தெரிந்தது. அப்போது வந்த நிம்மதி பெரிது.

எதிர்பாராதது ஒன்று: பலம் வந்த பிறகும் தொடை பழையபடி உயர்ந்தது! இடுப்புத் தசைகள் பழகிய வேலையை எளிதில் விடவில்லை. கண்ணாடி முன் மெதுவாக, குதிகால் முதலில் பதியும்படி நடந்து பழகிய பிறகே அது குறைந்தது. அசதியான நேரத்தில் இன்னமும் பாதம் 'சப்'பென்று தரையில் விழுகிறது. அதனால் நெடுந்தூரம் நடக்கையில் மட்டும் பட்டை போட்டுக்கொள்கிறேன்.