மாங்காய் சீசன்ல குழி தோண்டின கதை

அகழாய்வுத் தளத்துக்குப் பொறுப்புன்னா, பிரஷ்ஷை வெச்சு பானையைத் துடைச்சுக்கிட்டு இருப்பேன்னு சொந்தக்காரங்க நினைக்கிறாங்க. பர்கூர் பக்கம் இருந்த அந்த சீசன்ல நான் அதிகமா பார்த்தது மஸ்டர் ரோலை, அதாவது கூலியாட்களோட வருகைப் பதிவேட்டைத்தான்.

மே கடைசி. இருபத்திரண்டு பேர் வந்துட்டிருந்த இடத்துல ஒரு திங்கட்கிழமை ஒன்பது பேர். விசாரிச்சா, மாங்கூழ் ஃபேக்டரி திறந்தாச்சு. அங்க கூலியும் கூட, ஓவர்டைமும் உண்டு. கிருஷ்ணகிரியில வேலைத் திட்டம் போடுறவன் மாங்காயை மறந்தது என் தப்புதான். தோண்டுறதுக்கு அனுமதியோ செப்டம்பர் 30 வரைக்கும். அதுக்குள்ள வரைபடம் முடிச்சு, குழியை மூடி, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கணும். திறந்திருந்த நாலு குழியில ரெண்டுக்கு மண் மூட்டை அண்டக் கொடுத்து தார்ப்பாய் போட்டேன். 'ஏன் வேலை மந்தமா இருக்கு'ன்னு மேலிருந்து போன் வந்துக்கிட்டே இருந்துச்சு.

மிச்சம் இருந்தவங்கள்ல ஒரு அக்கா. நிலக்கடலை பிடுங்கியே கை காய்ச்சுப்போனவங்க. மூணாவது நாள், "சார், மண்வெட்டி சத்தம் மாறுது, நிறுத்தச் சொல்லுங்க"ன்னாங்க. என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இருந்தாலும் இறங்கி கொத்துக்கரண்டியால சுரண்டினேன். செம்மண்ணுக்கு நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு வட்டம். அடுப்பு எரிஞ்ச இடம். ஓரத்துல சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கரித்துண்டு.

அக்கா கை நீட்டினாங்க. நான் கத்திட்டேன், கொஞ்சம் அதிகமாவே. அந்தக் கரியை வெச்சுத்தான் அந்த இடம் எவ்வளவு பழசுன்னு கணிப்பாங்க; கை வேர்வை, எண்ணெய் பட்டா அந்தக் கணிப்பு தப்பாப் போகலாம். இடுக்கியால எடுத்து, அலுமினியத் தாள்ல சுத்தி, ஆழத்தை எழுதினேன். "கரிக்கு இம்புட்டு மரியாதையா?"ன்னு கேட்டாங்க. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில இரும்பு பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரைக்கும் போகுதுன்னு 2022 மே மாசம் சட்டமன்றத்துல அறிவிச்சாங்களே, அதுக்கு அடிப்படையே இந்த மாதிரிக் கரிதான்னு சொன்னேன். மறுநாள் புதுசா வந்த பொண்ணுங்ககிட்ட அக்கா சொல்லிட்டிருந்தது காதுல விழுந்துச்சு: "கரியைத் தொட்றாதீங்கடி, அந்த சாரு கத்துவாரு."

*

உங்க பதிவைப் படிச்சதும் எனக்கும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஊத்தங்கரைக்காரன் நான். கல்லூரி முடிச்ச கையோட பயிற்சிக்குப் போன அகழாய்வுத் தளத்துல ஒரு பழங்காலக் கல்லறை. மேல மூடியிருந்த பலகைக்கல்லுல விரிசல் விட்டிருந்தது. கிரேன் கொண்டுவர வழி இல்ல, சுத்தி கடலைக்காடு. எங்க தள அதிகாரி கிரானைட் குவாரியில வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தார். அவர் கல்லைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுட்டு, எந்தப் பக்கம் கடப்பாரை வெச்சா விரிசல் ஓடாதுன்னு சுண்ணாம்பால ஒரு கோடு போட்டார். ஒரு மணி நேரத்துல கல் நகர்ந்துச்சு. அப்புறம் கற்பூரம் ஏத்தி, உள்ளே பார்க்காமலே கிளம்பிட்டார். காசும் வாங்கல. அதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு அதிகாரி முழிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

*

மேல எழுதின ரெண்டு பேரும் தோண்டுற பக்கம். நான் மறுபக்கம், நிலத்துக்காரி. தருமபுரி மாவட்டம். பழங்காலக் கல்லறையைச் சுத்தி வெச்ச கல்வட்டம் இருக்குன்னு எங்கப்பா காட்டுல தோண்டினாங்க. நாங்க அதைப் பாண்டவர் குழின்னுதான் சொல்லுவோம். வந்தவங்க மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா குழியை மூடினப்புறம் ரெண்டு வருஷம் அந்தச் சதுரத்துல மட்டும் கேழ்வரகு முழங்கால் உயரம்கூட வரல. தூரத்துல இருந்து பார்த்தாலே கட்டம் கட்டமாத் தெரியும்.

*

முதல் பதிவை எழுதினவன்தான் நான். மேடம், அது மேல்மண் அடியில போய், அடிமண் மேல வந்ததால. முதல் ஒரு அடி மண்ணைத் தனியாக் கொட்டி வெச்சு, மூடும்போது கடைசியாப் போடணும். சீசன் முடியுற அவசரத்துல நானும் ஒரு தடவை அதை விட்டிருக்கேன். ரெண்டு டிராக்டர் தொழுவுரம் அடிச்சுக் கொடுத்துட்டுத்தான் அந்த ஊர்ல இருந்து கிளம்பினேன்.