தூக்கத்தில் பல் கடிக்கிறேன். கடையில் வாங்கும் மவுத் கார்டு போதுமா?

அரைத்தூக்கம்:

வணக்கம். ஏழெட்டு மாதமாகத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். கணவர் சொல்லித்தான் தெரியும். எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி சத்தம் வருகிறது என்கிறார். எனக்குத் தெரிவதெல்லாம் விடிந்த பிறகு நடப்பதுதான்: இரண்டு பொட்டிலும் வலி, கொட்டாவி விடக்கூட வாய் முழுதாகத் திறக்காத இறுக்கம், இடது கடைவாய்ப் பல்லில் கூச்சம். போன மாதம் அந்தப் பல்லின் ஓரத்திலிருந்து குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து நாக்கில் வந்து உட்கார்ந்தது. அன்றுதான் பயந்தேன்.

பல் டாக்டரிடம் போனேன். அளவெடுத்துச் செய்யும் நைட் கார்டு (தூங்கும்போது பல் வரிசைமேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை), தேய்ந்த இரண்டு பல்லுக்குக் கிரவுன் என்ற மூடி, தசையைத் தளர்த்தக் கன்னத்தில் போடோக்ஸ் ஊசி, அப்புறம் ‘கடி’, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம், சரியில்லை என்று சில பற்களை ராவிச் சமன் செய்வது. இப்படி ஒரு பட்டியல். கூட்டிப் பார்த்தால் என் கையிருப்புக்குள் அடங்கவே அடங்காது.

வெளியே வந்து, விளையாட்டுப் பொருள் விற்கும் கடையில் ஒரு மவுத் கார்டு வாங்கினேன். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் ஏற்றுகிற வகை. நான்கு இரவு போட்டேன். முதல் இரவு தலையணை நனைந்தது. இரண்டாம் இரவு எப்போது துப்பினேனோ, காலையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அடுத்த இரண்டு இரவும் வாயிலேயே நின்றது, ஆனால் தாடை வலி முன்னைவிட அதிகம்.

நான் போட்ட விதம் தவறா, வாங்கிய பொருளே தவறா? டாக்டர் சொன்ன செலவைச் செய்யாமல் தப்பிக்க வழி இருக்கிறதா?

வாய்மூடி:

வயிற்றில் பூச்சி இருந்தால்தான் பல் கடிக்கும். பூச்சி மாத்திரை ஒன்று போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

மூன்றாவது கார்டு:

பூச்சி மாத்திரையை நானும் போட்டுப் பார்த்தவன்தான். பூச்சியால்தான் பல் கடிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கிய பொருள்தான் தவறு. விளையாட்டு மவுத் கார்டு அடி விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. தடிமனாக, மெத்தென்று இருக்கும். அதை வாயில் வைத்துக்கொண்டு தூங்கினால் இரண்டு தாடைக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிய கதைதான். உதடு மூடாது, அதனால் எச்சில் ஒழுகும். மெத்தென்று இருப்பதால் தூக்கத்திலேயே அதைச் சவைக்கத் தோன்றும். இரவெல்லாம் சவைத்தால் காலையில் வலிக்கத்தானே செய்யும்?

மருந்துக் கடைகளில் ‘பல் கடிப்பவர்களுக்கு’ என்றே போட்டு வேறு வகை விற்கிறார்கள். அதுவும் வெந்நீரில் இளகுவதுதான், ஆனால் மெல்லியது. சிலவற்றில் பல் மோதும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டியான தகடு இருக்கும். அதைத் தேடி வாங்குங்கள். முன்பல் நான்கை மட்டும் மூடும் குட்டி வகை கண்ணில் பட்டால் வேண்டாம். தொடர்ந்து போட்டால், எதிர்ப்பல்லோடு உரசாத பின்பற்கள் மெல்ல மேலெழும்பிவிடும், கடி மாறிவிடும். அவ்வளவு சிறியதைத் தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் கார்டை வடிவம் ஏற்றும்போது, நன்றாகப் பதியட்டும் என்று முழு பலத்தோடு கடித்தேன். பின்பல் இருக்கும் இடத்தில் காகிதம் மாதிரி மெலிந்துபோய், மூன்றே வாரத்தில் ஓட்டை. மெதுவாகத்தான் கடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எத்தனை நொடி என்று போட்டிருக்கும், அதை மீறாதீர்கள். வெந்நீரிலிருந்து எடுத்து, ஒரு நொடி உதறி, கண்ணாடி முன் நின்று மேல் பல் வரிசையில் பொருத்தி, லேசாகக் கடித்தபடியே எச்சிலையும் காற்றையும் உள்ளே உறிஞ்சுங்கள். வெளிப்பக்கம் விரலால், உள்பக்கம் நாக்கால் அழுத்துங்கள். பிறகு குளிர்ந்த நீர். கழற்றும்போது ‘பொக்’ என்று ஒரு சிறு பிடிப்போடு வர வேண்டும். தானாக விழுந்தால் பிடிப்பு போதவில்லை, மறுபடி வெந்நீர்.

அரைத்தூக்கம்:

நன்றி அண்ணா. நான் பின்பல்லில் இடித்துக் குமட்டுகிறது என்று கார்டின் பின்பகுதியை ஒரு பல் அளவுக்கு வெட்டிவிட்டேன். அது பரவாயில்லையா?

லேப் வேலை:

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நான் டாக்டர் இல்லை, பல் லேபில் பதினோரு வருடமாக இந்தக் கார்டுகளைச் செய்கிறவன். கடைசிப் பல் வரை மூட வேண்டும். குமட்டினால் நீளத்தைக் குறைக்காதீர்கள், உள்பக்கம் அண்ணத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை வெட்டுங்கள். ஈறில் குத்தும் ஓரத்தையும் வெட்டலாம். வெட்டிய இடம் நாக்கை அறுக்கும். நகம் தேய்க்கும் அரத்தால் மழுக்கிவிட்டு, அந்த ஓரத்தை மட்டும் வெந்நீரில் தொட்டெடுத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் விரலால் நீவிவிட்டால் வழவழப்பாகிவிடும்.

மெத்தென்ற கார்டு போட்டால் வலி கூடியது என்கிறீர்கள். அது உங்கள் பிரமை இல்லை. 1987-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேருக்கு இரண்டு வகையையும் போட்டுத் தாடைத் தசையின் இயக்கத்தை அளந்தார்கள். கெட்டியான கார்டில் எட்டுப் பேருக்குக் குறைந்தது. மெத்தென்றதில் ஒரே ஒருவருக்குத்தான் குறைந்தது, ஐந்து பேருக்குக் கூடியது. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் எங்களிடம் மெத்தென்ற கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து கெட்டியானது கேட்பவர்கள் சொல்வதும் இதேதான்.

எந்தக் கார்டும் பல் கடிப்பதை நிறுத்தாது. கார் மோதாமல் தடுப்பது பம்பரின் வேலை இல்லையே. பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேய்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம். எனாமல் தேய்ந்தால் உடம்பால் அதை மறுபடி வளர்க்க முடியாது.

அந்தப் பட்டியலைப் பற்றி என் சொந்தக் கருத்து. கார்டு இல்லாமல் கிரவுன் போட்டால் கிரவுனும் உடையும், எதிர்ப்பல்லும் தேயும். எங்கள் மேசைக்கு வரும் உடைந்த பீங்கான் கிரவுன்களில் பல் கடிப்பவர்களுடையது எத்தனையோ. போடோக்ஸ் சில மாதங்களில் வலுவிழக்கும், திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். கடியைச் சரிசெய்யப் பல்லை ராவுவது திரும்பப் பெற முடியாத வேலை. கடி கோணலாக இருப்பதால்தான் பல் கடிக்கிறது என்பது பழைய எண்ணம். இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சில்லு பெயர்ந்த பல்லை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். விரிசல் உள்ளே இறங்கியிருந்தால் எந்தக் கார்டும் காப்பாற்றாது.

வேலிப்பூ:

சகோதரி, ஒன்று கேட்கலாமா? ஏழெட்டு மாதமாகத்தான் கடிப்பதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சமயத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா? குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது உண்டா? நான் ஒரு மருத்துவமனையில் இரவுப்பணி நர்ஸ், அதனால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

அரைத்தூக்கம்:

குறட்டை இல்லை. கணவரிடம் கேட்டேன், இரண்டு இரவு போனில் பதிவும் செய்தோம். நறநற மட்டும்தான். (என் சத்தத்தை நானே கேட்டது விபரீத அனுபவம்.)

மாத்திரை... ஆமாம். மனப்பதற்றத்துக்குச் செர்ட்ராலின் தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. அதற்கும் இதற்கும் என்ன?

வேலிப்பூ:

இருக்கலாம். செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவைக்கும், இருப்பதைக் கூட்டவும் செய்யும். பதற்றமே பல் கடிக்க ஒரு காரணம் என்பதால் எது எதனால் என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ‘இதைத் தொடங்கிய பிறகு பல் கடிக்கிறேன்’ என்று ஒரு வரி சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்பதை அவர் பார்ப்பார்.

குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்திருந்தால் கடைக் கார்டே வாங்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பல் ஆடுகிறவர்கள், பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள், தாடை பூட்டிக்கொள்கிறவர்கள், இவர்களும் கடைக் கார்டுப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாவது கார்டு:

நல்ல கேள்வி கேட்டீர்கள் மேடம், எனக்குத் தோன்றவே இல்லை.

பணம் செலவாகாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பகலிலும் நீங்கள் கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், கவனித்துப் பாருங்கள். சாப்பிடாத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கும்போதும் உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ‘ன’ என்று சொல்லிப் பாருங்கள், நுனி நாக்கு எங்கே போய்த் தொடுகிறதோ அங்கேயே அதை விட்டுவைத்தால் தாடை தானாகத் தளரும். நான் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் சேர்ந்திருக்கிறதா என்று சோதிப்பேன். முதல் நாள் பார்த்தபோதெல்லாம் சேர்ந்தே இருந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

மாலைக்கு மேல் காப்பியை நிறுத்தினேன், படுக்கும் முன் கன்னத்தில் வெந்நீர்த் துணி ஒத்தடம். சூயிங்கம் அறவே இல்லை. மக்னீசியம் மாத்திரையும் வாங்கினேன், அதனால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அரைத்தூக்கம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். யாராவது இதே சிக்கலோடு வந்தால் உதவும் என்று.

மருந்துக் கடையில் மெல்லிய வகை வாங்கினேன். முதல் முறை கோணலாகப் பதிந்துவிட்டது, இரண்டாம் முறை சரி. மூன்று இரவு அந்நியமாக இருந்தது, நான்காம் இரவிலிருந்து மறந்துவிட்டேன். பொட்டு வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மாத்திரை கொடுத்த டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். சத்தம் நிற்கவில்லை, ஆனால் தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று இரவு என்கிறார் கணவர். சில்லு பெயர்ந்த பல்லை ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டினேன். மாணவி ஒருவர் பார்த்தார், பேராசிரியர் வந்து சரிபார்த்தார். விரிசல் இல்லையாம், நிரப்பினாலே போதும் என்று நிரப்பிவிட்டார்கள். அரைநாள் காத்திருந்தேன், செலவு மிகக் குறைவு.

இப்போது சந்தேகம்: கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடப்பக்கம் கடைசிக்கு முந்தைய பல் இருக்கும் இடத்தில் பள்ளம் விழுந்து கண்ணாடி மாதிரி தெரிகிறது. வலப்பக்கம் ஒன்றுமில்லை. வாடையும் வருகிறது. தினமும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசுகிறேன்.

லேப் வேலை:

பேஸ்ட்டையும் வெந்நீரையும் இன்றோடு விடுங்கள். பேஸ்ட்டில் இருக்கும் பொடி கார்டைக் கீறிவிடும், கீறலில் அழுக்கு தங்கும், வாடை அங்கிருந்துதான். வெந்நீரில் வடிவம் போய்விடும். எழுந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, காயவைத்து, துளை உள்ள டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடாதீர்கள்.

பள்ளம் விழுந்தது நல்ல செய்தி, உங்கள் பல்லில் விழ வேண்டியது அங்கே விழுந்திருக்கிறது. நீங்கள் இடப்பக்கமாக அரைக்கிறீர்கள் என்றும் தெரிகிறது. ஓட்டையானதும் மாற்றுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தேய்ந்தால், கடைக் கார்டுகளுக்கு ஆகும் மொத்தச் செலவையும் லேபில் செய்யும் கெட்டிக் கார்டின் விலையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கெட்டிக் கார்டு வருடக்கணக்கில் வரும். கிரவுனும் ஊசியும் வேண்டாம், கார்டு மட்டும் போதும் என்று அந்தக் கல்லூரியிலேயே கேட்டுப் பாருங்கள். கார்டைக் கழற்றி அரைமணி நேரமாகியும் பல் பழையபடி சேரவில்லை என்றால், அதைப் போடுவதை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள்.

போகும்போது பழைய கார்டை எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நெல்லிமரம்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் ஐந்து வயது மகனும் இரவில் கடிக்கிறான். அவனுக்கும் இப்படி ஒரு கார்டு வாங்கலாமா?

வேலிப்பூ:

வேண்டாம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயது, தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். வலி, கூச்சம் என்று சொன்னாலோ குறட்டை விட்டாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அரைத்தூக்கம்:

கல்லூரியில் கெட்டிக் கார்டுக்கு அளவு கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் தருகிறார்கள். பழைய கார்டைத்தான் எடுத்துப் போக முடியவில்லை. காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்திருந்தேன், எங்கள் நாய் தூக்கிப் போய்ச் சவைத்துத் துப்பிவிட்டது. அதன் பல் தடம் என்னுடையதைவிட ஆழம் குறைவு.