கொலைக்களத்தில் சிரிக்கலாமா? லண்டன் டவர் பற்றி ஒரு விவாதம்

மழைக்குருவி:
ஒரு காலத்தில் சிறையாகவும் கொலைக்களமாகவும் இருந்த லண்டன் டவர் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. யோமன் வார்டர் எனப்படும் டவர் காவலர் ஒருவர் கூட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, தலை வெட்டிய கதைகளை ஏற்ற இறக்கத்தோடு நகைச்சுவையாகச் சொல்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மார்கரெட் போல் என்ற 67 வயதுப் பெண்மணியை 1541-இல் விசாரணைகூட இல்லாமல் அங்கே கொன்றார்கள். வெட்ட வந்தவனுக்குக் கை பழகவில்லை, தலையிலும் தோளிலும் கொத்திக் கொத்தியே உயிரை எடுத்தான் என்று அந்தக் காலத்துக் குறிப்பு சொல்கிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மரணத்தைப் பொழுதுபோக்காக்குவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தெற்குவாசல்:
கடுமையாக மறுக்கிறேன் தோழி. அந்தக் கதைகளை எடுத்துவிட்டால் டவரில் மிஞ்சுவது மன்னர் குடும்பத்து நகைகள் மட்டும்தான். கோகினூர் பதித்த கிரீடத்தைப் பார்க்க நீண்ட வரிசை நிற்கிறதே, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே தலை வெட்டப்பட்ட அரசி ஆன் பொலினின் கதையைத் தாங்களாகத் தேடிப் படித்திருப்பார்கள்? வார்டர்கள் வெறும் வழிகாட்டிகளும் இல்லை. குறைந்தது 22 ஆண்டு ராணுவத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்த வேலை. சிரிக்க வைத்துத்தான் கூட்டத்தைக் கட்டிப்போட முடிகிறது. அப்படிக் கட்டிப்போட்ட பிறகு சொல்லும் செய்தி உள்ளே இறங்குகிறது.

டவரில் கைதிகளை அடைத்துவைத்திருந்த பீச்சம் கோபுரத்துக்குள் போனீர்களா? கைதிகள் செதுக்கிய எழுத்துகள் சுவரெல்லாம் இருக்கின்றன. அங்கே கைதியாக இருந்த ஜான் டட்லி என்ற பிரபு தன் குடும்பச் சின்னமான கரடியையும் சிங்கத்தையும் செதுக்கி, சுற்றிலும் நான்கு சகோதரர்களுக்காக நான்கு செடிகளைக் கொடியாக ஓடவிட்டிருக்கிறார். அம்புரோஸுக்கு ரோஜா, ராபர்ட்டுக்குக் கருவாலி இலை. கல்லில் அந்த இலை நரம்பைப் பார்த்தால் எவ்வளவு நாள் உள்ளே கிடந்திருப்பார்கள் என்று புரியும். இதையெல்லாம் மூடி வைக்கச் சொல்கிறீர்களா?

மழைக்குருவி:
மூடச் சொல்லவில்லை. சுவரைக் காட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள். கேலி வேண்டாம் என்கிறேன். உள்ளே கொல்லப்பட்டவர்களுக்காக 2006-இல் வைத்த நினைவுச்சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வட்டம், அதன்மேல் பளிங்குபோல ஒரு தலையணை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டுமேடை உண்மையில் அங்கே நிற்கவில்லை, டவரின் நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்துக்கு வடக்கே இருந்தது என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்போது சின்னம் இருக்கும் இடத்தைக் குறித்துவைத்தது விக்டோரியா காலத்து வழக்கம். படமெடுக்க வசதியான மூலையில் துக்கத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

பனங்காடு:
நீங்கள் இருவருமே மதிலுக்கு உள்ளேயே நிற்கிறீர்கள். உள்ளே தலை வெட்டப்பட்டவர்கள் 7 பேர்தான். மதிலுக்கு வெளியே, டவர் ஹில்லில், ஏறத்தாழ 400 ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். உள்ளே கொன்றது பெரும்பாலும் மன்னருக்கு ஊர் முன்னால் சங்கடம் வரக்கூடாது என்பதற்காக. 1554 பிப்ரவரி 12 காலையைப் பாருங்கள். அந்த ஜான் டட்லியின் தம்பி கில்ஃபர்ட் டட்லியை வெளியே கூட்டத்துக்கு முன் வெட்டினார்கள். அந்த உடலை வண்டியில் திரும்பக் கொண்டுவந்ததை அவர் மனைவி, சில நாள் மட்டுமே அரசியாக இருந்த ஜேன் கிரே, பார்த்தார். பிறகு அவரை உள்ளே, அழைக்கப்பட்ட சிலர் முன்னிலையில் வெட்டினார்கள். பதினேழு வயதுகூடத் தாண்டாத பெண். கண்ணைக் கட்டியதும் தலை வைக்கும் கட்டை எங்கே என்று தெரியாமல் கையால் துழாவினாராம், யாரோ ஒருவர் பிடித்து வழிகாட்ட வேண்டியிருந்தது. இன்று ஜேனைப் பார்க்க உள்ளே கட்டணம் கட்டிப் போகிறோம். வெளியே டிரினிட்டி சதுக்கத் தோட்டத்தில் கில்ஃபர்ட் நின்ற இடத்தை இலவசமாகப் பார்க்கலாம், போகிறவர்கள்தான் குறைவு.

தெற்குவாசல்:
டவர் ஹில்லையும் பூசி மெழுகாதீர்கள் பனங்காடு. அன்றைய மக்கள் அங்கே துக்கம் கொண்டாட வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார்கள். 1747-இல் அரசுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்த லோவட் பிரபுவின் தலையை வெட்டியபோது கூட்டம் தாங்காமல் பார்வையாளர் மேடையே சரிந்து பலர் செத்தார்கள். இங்கிலாந்தில் தலை வெட்டித் தண்டித்தது அதுதான் கடைசி. சிரிப்பு கூடாது என்று இன்றைய பயணிகளைக் குற்றம் சொல்வது எளிது. அந்தக் காலத்து அரசும் மக்களும் சேர்ந்தே இதை விழாவாக்கியிருந்தார்கள், அதையும் சொல்லத்தானே வேண்டும்?

மழைக்குருவி:
சரி, அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றைச் சொல்லுங்கள். டவருக்குள் மரணதண்டனை பெற்றவர்கள் மொத்தம் 22 பேர். அதில் 12 பேர் இருபதாம் நூற்றாண்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்கு உளவு பார்த்தவர்கள் 11 பேர், இரண்டாம் உலகப்போரில், 1941 ஆகஸ்ட் 15-இல், ஜெர்மானிய உளவாளி யோசஃப் யாகோப்ஸ். பாராசூட்டில் குதித்தபோது கணுக்கால் உடைந்ததால் அவரை நாற்காலியில் உட்காரவைத்தே சுட்டார்கள். அவரைப் பற்றி யாராவது கூட்டத்துக்கு முன் நகைச்சுவை சொல்வார்களா? மாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இன்னும் யாராவது உயிரோடு இருக்கக்கூடும் என்ற கூச்சம் வரும். மார்கரெட் போலுக்கு மட்டும் அந்தக் கூச்சம் ஏன் இல்லை?

தெற்குவாசல்:
நேர்மையாகச் சொன்னால், 480 ஆண்டு என்பது பெரிய இடைவெளி. எல்லா மரணத்துக்கும் ஒரே அளவு அழ எந்த மனிதராலும் முடியாது.

பனங்காடு:
அழச் சொல்லி மழைக்குருவி அக்கா கேட்கவில்லையே சகோ. சித்திரவதைக் கருவிகள் வைத்திருக்கும் அறைக்கு வருவோம். 1546-இல் ஆன் அஸ்க்யூ என்ற பெண்ணை மதக் கருத்துக்காக டவரில் இழுவைக் கட்டையில், அதாவது சக்கரத்தைத் திருப்பிக் கை கால்களை இழுக்கும் கருவியில், கட்டி இழுத்தார்கள். டவர் அதிகாரி ஒரு கட்டத்தில் மறுத்துவிட, மன்னரின் அமைச்சர்களே கையால் சக்கரத்தைத் திருப்பினார்கள். பிறகு நடக்க முடியாத நிலையில் நாற்காலியில் தூக்கிப்போய் ஸ்மித்ஃபீல்டில் எரித்தார்கள். கருவியை மட்டும் பார்ப்பவனுக்கு அது மரச்சட்டமும் கயிறும்தான். மறுத்த அதிகாரி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தால்தான் மற்றவர்களும் மறுத்திருக்கலாம் என்று தோன்றும்.

மழைக்குருவி:
இதைத்தான் கேட்கிறேன். வார்டர் இந்த அதிகாரியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் நான் எதற்கு இந்த இழையைத் தொடங்கியிருக்கப் போகிறேன்?

தெற்குவாசல்:
பேச வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நகைச்சுவையை எடுக்கச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசலில் பத்து வயதுப் பிள்ளையோடு நிற்கும் தகப்பனுக்கு முதலில் அந்தச் சிரிப்புதான் வேண்டும்.