எஸ்விக்கு (ஆய்வு மேற்பார்வையாளருக்கு) பயிற்சி கொடுத்தால் மாற்றம் வருமா? மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் மாஸ்டர்ஸ், பிஎச்டி செய்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

லிந்தாங் டீச்சர்:
பகலில் தமிழ்ப்பள்ளி, இரவில் பிஎச்டி. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த 1948 அவசரகாலம் பற்றி எங்கள் வட்டாரத் தோட்டப் பெண்கள் சொல்லும் வாய்மொழி வரலாறுதான் தலைப்பு. ப்ரோபோசல் டிஃபன்ஸ் (ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் விளக்குவது) முடிந்ததோடு எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த நேரத்தில் எஸ்வி ஒரு மேற்பார்வையாளர் பட்டறைக்குப் போய்வந்தார். அடுத்த சந்திப்பில் ஒரு தாளை நீட்டினார், அவர் கையிலும் அதே தாள். 'தலைப்பை முடிவு செய்வது எஸ்வி பொறுப்பு' என்று ஒரு முனை, 'மாணவர் பொறுப்பு' என்று மறுமுனை, நடுவில் 1 முதல் 5 வரை எண்கள். இப்படிப் பல வரிகள். தனித்தனியாக வட்டம் போட்டு, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சந்திப்புக்கு யார் கூப்பிடுவது என்ற வரியில் நான் 1, அவர் 5. அவர் கூப்பிடுவார் என்று நானும், நான் கேட்பேன் என்று அவரும் மாதக்கணக்கில் இருந்திருக்கிறோம். "இதை முதல் நாளே பேசியிருக்கணும் டீச்சர்" என்றார். அதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஈப்போக்காரன்:
அது ஆஸ்திரேலியாவில் இங்ரிட் மோசஸ் 1985இல் வெளியிட்ட அளவுகோலாக இருக்கும். பட்டறைகளில் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். நான் விரிவுரையாளர், கோ-எஸ்வி (இணை மேற்பார்வையாளர்). எங்கள் பட்டறையில் காலை முழுக்க விதிமுறை, அதை விடுங்கள். மதியம் நடிப்புப் பயிற்சி. எனக்கு மாணவன் வேடம், ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பேராசிரியருக்கு எஸ்வி வேடம். அவர் பேசப் பேசக் குறிப்பெடுத்தேன். ஒரு கட்டத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன், அவர் நிறுத்தவில்லை. பயிற்றுநர் என் கையைக் காட்டி, "இவர் எப்போது பேனாவை மூடினார்?" என்று அவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துவிட்டு, "என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி மூடினார்களோ" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

மண்டோர் பேரன்:
டீச்சர், என் எஸ்வியும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்தான். செமஸ்டர் தொடக்கத்தில் கொடுத்த அத்தியாயம் செமஸ்டர் முடிவில் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆழம் போதாது'. அவ்வளவுதான். ஸ்டேப்ளர் அடித்த மூலையில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை, இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. ஈப்போ அண்ணே, உங்கள் பேராசிரியருக்கு மனசு இருந்தது, அதனால் உறைத்தது. ஸ்கோபஸ் பட்டியல் இதழ்களில் கட்டுரை, ஆய்வுக்கு கிராண்ட், கேபிஐ இலக்கு என்று ஓடுகிறவர் தலையில் மேலும் மேலும் மாணவர்களைக் கட்டிவிட்டு, அப்புறம் பட்டறை வைத்து என்ன பயன்? முதலில் ஆள்கணக்கைக் குறைக்கட்டும்.

ஈப்போக்காரன்:
சுமை உண்மை தம்பி. மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பேராசிரியருக்கு மனசு எப்போதும் இருந்தது, பேனாதான் கண்ணில் படவில்லை. ஒருவர் நிறுத்திக் காட்டினார், அதற்குப் பெயர்தான் பயிற்சி.

சாலாக் அக்கா:
நான் மாஸ்டர்ஸில் எஸ்வி மாற்றி முடித்தவள். மாற்றம் கேட்கப் போன அன்று கவுண்டரில் இருந்த அம்மா, "அவருக்கு எழுத்தில் ஏதாவது அனுப்பினாயா?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் சொல்கிறேன். மண்டோர் பேரன் தம்பி, ஒவ்வொரு சந்திப்பு முடிந்த இரவே, பேசியது என்ன, அடுத்து யார் என்ன செய்வது என்று எஸ்விக்கு மின்னஞ்சல் போடுங்கள், கோ-எஸ்விக்கும் நகல் வையுங்கள். அத்தியாயம் கொடுக்கும்போதே எந்தத் தேதிக்குத் திரும்பும் என்று கேளுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்காமல், 'வாதம் நிற்கிறதா, சான்று போதுமா' என்று இரண்டே கேள்வி முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இங்கிலாந்தில் ஆன் லீ 2008இல் மேற்பார்வை முறைகளை ஐந்தாகப் பிரித்தார்: வேலையை அட்டவணை போட்டு நடத்துவது, துறைக்குள் ஒருவராகச் சேர்த்துக்கொள்வது, கேள்வி கேட்டுச் சிந்திக்க வைப்பது, தானே வளர விடுவது, நல்லுறவை வைத்து நடத்துவது. உங்களுக்கு இப்போது வேண்டியது எது என்று பார்த்து, அதை அவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டு முன்னேற்ற அறிக்கையில் எல்லாம் நலம் என்று எழுதிவிடாதீர்கள், பிறகு முறையிட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். டீச்சர், நீங்களும் எஸ்வி மாற்றுவதை யோசித்து வையுங்கள்.

லிந்தாங் டீச்சர்:
நான் மாற்றம் கேட்கவில்லையே அக்கா. இப்போது நன்றாகவே போகிறது. போன பள்ளி விடுமுறையில் பேட்டிக்கு எஸ்வியே எங்கள் பக்கம் வந்தார். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள்) சுடப்பட்டதைப் பற்றி நான் கேட்டேன். பாட்டியோ அவசரகாலத்து முள்வேலியையும் அளந்து போட்ட அரிசியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடப் போனேன், எஸ்வி வேண்டாம் என்று தலையசைத்தார். நாலாவது அத்தியாயமே அந்த அரிசிக் கதைதான். மண்டோர் பேரன் தம்பி, உங்கள் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள், கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்.

மண்டோர் பேரன்:
அனுப்புகிறேன் டீச்சர். சாலாக் அக்கா, எஸ்வி மாற்றப் பாரத்தில் பழைய எஸ்வியின் கையெழுத்தும் வேண்டுமா?