வெட்டுக்கிளியின் ஜீனோம் மனிதனுடையதைவிடப் பெரியதாக இருப்பது ஏன்?

கேள்வி: விலங்கியல் மாணவி, சேலம்

வணக்கம். எங்கள் துறையின் கண்காட்சிக்காக, நம் மாவட்டத்து மக்கள் நன்கறிந்த விலங்குகளின் ஜீனோம் (உயிரணுவில் உள்ள முழு டி.என்.ஏ. தொகுதி) அளவுகளை ஒரு பலகையில் வரிசைப்படுத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. மேச்சேரிச் செம்மறியாட்டில் தொடங்கினேன். செம்மறியாட்டுக்கு 300 கோடிக்குச் சற்றுக் குறைவான கார இணைகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) மனிதனுக்கு ஏறத்தாழ 310 கோடியும் உள்ளன. கோழிக்கு 110 கோடி அளவிலும், பட்டுப்புழுவுக்கு ஏறத்தாழ 46 கோடியும் இருக்கின்றன. இதுவரை எளிதாகப் புரிந்தது. ஆனால், இடம்பெயரும் வெட்டுக்கிளிக்கு 630 கோடிக்கும் மேல் என்று பார்த்ததும் என் வரிசை குலைந்துவிட்டது. அளவு பெரிதானால் ஜீன்களும் மிகுதி என்று கொள்ளலாமா? பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் தவறான கருத்தை எழுதிவிடக் கூடாது.

பதில் 1: ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

கொள்ள முடியாது. வெட்டுக்கிளியிலும் புரதத்தைக் குறிக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 17,000தான். மனிதனிடம் ஏறத்தாழ 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் ஜீனோம் 10 கோடி கார இணைகள் மட்டுமே கொண்டது. ஆயினும் அதனிடமும் ஏறத்தாழ 20,000 ஜீன்கள் இருக்கின்றன.

இந்த முரண் புதியதன்று. நீரில் வாழும் ஒரு சாலமாண்டரின் (வாலுள்ள தவளையின உறவு விலங்கு) உயிரணுவில் கோழியின் உயிரணுவில் உள்ளதைப் போல 70 மடங்கு டி.என்.ஏ. இருப்பதை மிர்ஸ்கி, ரிஸ் என்னும் ஆய்வாளர்கள் 1951ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். 1971இல் தாமஸ் என்பவர் இதற்கு 'சி-மதிப்பு முரண்' என்று பெயரிட்டார்; சி-மதிப்பு என்பது ஜீனோமின் டி.என்.ஏ. அளவு. மனித ஜீனோமில் புரதத்துக்கான பகுதி நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை என்பது தெளிவான பிறகு முரணின் பெரும்பகுதி தீர்ந்தது. ஜீனோமின் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டிருப்பவை, தம்மைத் தாமே படியெடுத்து வேறிடங்களில் செருகிக்கொள்ளும் தாவும் மரபுக்கூறுகளும் அவற்றின் சிதைந்த எச்சங்களும் ஆகும். 'ஆலு' என்னும் ஒரே வகைக் கூறு, ஏறத்தாழ 300 கார இணை நீளம் உடையது, நம்முள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பரவியுள்ளது.

ஆகவே ஓர் இனத்தின் ஜீனோம் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது, இக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன, அவை நீக்கப்படும் வேகம் எவ்வளவு என்னும் வரவு செலவுக் கணக்கே. தென் அமெரிக்க நுரையீரல் மீனில் இக்கணக்கு ஏறக்குறைய வரவாகவே இருந்திருக்கிறது: 2024இல் வெளியான அதன் ஜீனோம் ஏறத்தாழ 9,100 கோடி கார இணைகள் நீளமானது, அதன் 19 குரோமோசோம்களில் (ஜீனோம் பிரிந்து அமைந்துள்ள டி.என்.ஏ. துண்டுகள்) 18, தனித்தனியே, மனிதனின் முழு ஜீனோமைவிடப் பெரியவை. மறுபுறம், ஃபூகு என்னும் பேத்தை மீன் ஏறத்தாழ 40 கோடியிலேயே முதுகெலும்பி ஒன்றுக்கு வேண்டிய அனைத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

பலகையில் இரண்டு கொசுக்களையும் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டிக்கு ஏறத்தாழ 128 கோடி, நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சிக்கு ஏறத்தாழ 24 கோடி. இரண்டுமே வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வளர்பவை. உருவிலும் வாழ்க்கையிலும் ஐந்து மடங்கு வேறுபாடு எதுவும் இல்லை. ஆடு, மனிதன் என்ற ஒப்பீட்டைவிடப் பிள்ளைகளுக்கு இது விரைவில் விளங்கும்.

பதில் 2: காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

சேர்வராயன் மலையின் சார்பில் ஒரு விலங்கைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். பரிந்துரைப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்பது வேறு செய்தி. அராபிகாக் காப்பிச் செடியின் வேரைத் துளைத்து அழுகச் செய்யும் பிராட்டிலென்கஸ் காஃபியே என்னும் நூற்புழு, விலங்குகளில் இதுவரை அளக்கப்பட்ட மிகச் சிறிய ஜீனோம்களுள் ஒன்றைக் கொண்டது: ஏறத்தாழ 2 கோடி கார இணைகளும் 7,000க்கும் குறைவான ஜீன்களும் மட்டுமே. ஒட்டுண்ணி என்பதால்தான் இவ்வளவு சுருங்கிவிட்டது என்று உடனே முடிவுகட்டுவது சரியாகாது. ஒட்டுண்ணிகளிலும் பெரிய ஜீனோம் உடையவை இருக்கின்றன.

பதில் 3: ஆய்வகப் பணியாளர், சூரமங்கலம்

அளவுகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பழைய அட்டவணைகள் உயிரணுக்கருவைச் சாயமேற்றி அளந்த டி.என்.ஏ. எடையைப் பைக்கோகிராமில் (ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) தருகின்றன. ஒரு பைக்கோகிராம் ஏறத்தாழ 97.8 கோடி கார இணைகளுக்குச் சமம். புதிய ஆய்வுத் தாள்கள், டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்து வரிசைப்படுத்தி இணைத்த நீளத்தைத் தருகின்றன. ஒரே மாதிரியான கூறுகள் மீண்டும் மீண்டும் வரும் இடங்களில் இணைப்பு தடுமாறுவதால், இந்நீளம் உண்மையான அளவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் மதிப்பீடு 4,300 கோடி, இணைக்கப்பட்டதோ 3,700 கோடி. மனித ஜீனோமிலேயே ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு 2022 வரை நிரப்பப்படாமல் இருந்தது. எனவே ஒரே பலகையில் இருவகை எண்களையும் கலக்காமல், எல்லாவற்றையும் ஒற்றைமயத் தொகுதிக்கான (விந்திலோ முட்டையிலோ உள்ளது போன்ற ஒரே படிக்கான) அளவாகவே தாருங்கள்.

குரோமோசோம் எண்ணிக்கையைத் துணைக்கு அழைக்கவும் வேண்டா. கேளையாடு என்னும் சிறு மானின் இந்திய இனத்தில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. ஜீனோம் அளவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

மாணவி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் ஜீனோம் அளவால் உடலுக்கு எந்த விளைவுமே இல்லையா? கோழியின் அளவு ஏன் இவ்வளவு குறைவு?

பதில் 4: அஸ்தம்பட்டி ஆசிரியர்

விளைவு உண்டு, ஆனால் அது உயிரணுவின் பருமனில் தெரிகிறது. ஜீனோம் பெரிதானால் கருவும் உயிரணுவும் பெரிதாகின்றன. மாபெரும் ஜீனோம் கொண்ட ஆம்பியூமா சாலமாண்டரின் சிவப்பணு, நம்முடையதைப் போல எட்டு மடங்கு நீளமானது. சிறிய உயிரணு தன் கொள்ளளவுக்கு மிகுதியான பரப்பு உடையதாதலால் ஆக்சிசனை விரைந்து பரிமாறும். பறத்தலுக்கு இது உதவும் என்பது பலரின் கருத்து. பறவைகளில் ரீங்காரச்சிட்டுகளுக்கு மிகச் சிறியதும் பறக்காத தீக்கோழிக்கு மிகப் பெரியதும் அமைந்திருப்பது இதற்கு இசைகிறது. வௌவால்களும் பாலூட்டிகளுள் சிறிய ஜீனோம் உடையவையே. ஆனால் புதைபடிவ எலும்புகளில் உயிரணுக்கள் இருந்த நுண்குழிகளை அளந்த 2007ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, பறவைகளின் மூதாதையரான டைனோசார்களிடமே ஜீனோம் சுருங்கிவிட்டிருந்ததாகக் காட்டியது. பறத்தலுக்காகவே சுருங்கியது என்று பலகையில் எழுதாமல், 'பறத்தலுக்கு இசைவாக அமைந்தது' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.